சிங்காலிலாவில் ஒடிந்த கிளை

கமலா வலது கையை உயர்த்தினார். நாங்கள் நின்றோம்.

மூங்கில் காடு. காலைப் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. மூங்கில் இலை நுனிகளில் சேர்ந்த தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக, குறி பார்த்தது போல, என் சட்டைக் காலருக்குள் விழுந்துகொண்டிருந்தது. முன்னால் கமலா. அவர் எங்கள் வழிகாட்டி, ஐம்பது வயதை ஒட்டிய நேபாளிப் பெண்மணி. நடுவில் என் நண்பர் சண்முகம். கடைசியில் நான், மூச்சு இரைக்க, தலையில் குரங்குக் குல்லாயுடன்.

கமலா காட்டிய திசையில், பாசி படர்ந்த பெரிய மரத்தின் கவட்டையில், செம்பழுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. சிவப்புப் பாண்டா. நாற்பது வருஷமாகச் சண்முகம் பார்க்க ஆசைப்பட்ட மிருகம். அது தூங்குகிறது, பேசாதீர்கள், நகராதீர்கள், மெதுவாகத் தேடுங்கள் என்று கமலா கையாலேயே சொன்னார்.

சண்முகம் தேட ஆரம்பித்தார்.

அடுத்த அரை நிமிஷத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்வதற்காகத்தான், இந்தப் பத்தியில் வாராவாரம் சொல்லிவரும் கிடர்பூர் துறைமுகக் கதைகளுக்கு இந்த வாரம் லீவு கொடுத்துவிட்டு மலை ஏறியிருக்கிறேன். ஆனால் நேராக விஷயத்துக்கு வர வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

குரங்குக் குல்லாய்

நான் பிறந்து வளர்ந்தது கல்கத்தாவின் பவானிபூரில். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர். வங்காளிகளோடு வங்காளியாக வளர்ந்தும் அவர்களுடைய ஒரு பழக்கத்தை மட்டும் நான் விடாமல் கேலி செய்து வந்தேன். பூஜை லீவு விட்டால் போதும், ஆபீசில் பாதிப் பேர் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஹௌரா ஸ்டேஷனில் வியர்த்துக் கொட்டும்போதே கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். 'குளிர் மலையில் இருக்கிறது மோஷாய், பிளாட்பாரத்தில் இல்லை' என்று சொல்லி நானே சிரிப்பேன். வேறு யாரும் சிரித்ததாக நினைவில்லை.

அப்படிக் குல்லாய் மாட்டிக்கொண்டு போன ஒரே தமிழர் சண்முகம். துறைமுக ஆபீசில் வரைபடம் வரைபவர். கப்பல் வரும் வழி, ஆற்றின் ஆழம், மணல்மேடு எல்லாவற்றையும் மயிரிழைக் கோடுகளில் வரைவார். நான் பக்கத்துத் தெருவில், சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனியில் குமாஸ்தா. இரண்டு பேருக்கும் பூர்வீகம் தாமிரபரணிக் கரை. கல்கத்தாவில் அது போதும், மத்தியானச் சோற்றைச் சேர்ந்து சாப்பிட.

டார்ஜிலிங்குக்கு மேலே நேபாள எல்லையை ஒட்டி ஒரு மலைமுகடு நீளமாகப் போகிறது. அதுதான் சிங்காலிலா தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் புல்வெளி, சிமெண்டு பெஞ்சு, சுண்டல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன். சண்முகம் வங்காளி சிநேகிதர்களோடு அங்கே நாலைந்து முறை நடந்திருக்கிறார். கூடப் போனவர்கள் எல்லோருக்கும் பாண்டா காட்சி கொடுத்தது. ஒருமுறை இவர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்த நேரத்தில் வந்து, இவர் நிமிர்வதற்குள் போய்விட்டது. அந்தக் கதையை நான் பத்து வருஷமாவது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

குழாய் வழியே

இரண்டு பேரும் ரிட்டயராகிச் சில வருஷங்கள் ஆனபிறகு, பெஹாலாவில் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளேயிருந்து வந்த டீயை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் கை கப்புக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது.

"என்னவே, கண்ணு சரியில்லையா?"

"நரம்பு காஞ்சு போச்சாம். குழாய் வழியா பாக்குத மாதிரி இருக்கு. நேரா இருக்கது தெரியும். பக்கத்துல யானை நின்னாலும் தெரியாது. குழாயும் சின்னதாயிட்டே போவுது வே."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"பாக்க ஆசப்பட்டத பாத்துருங்கன்னு சொல்லுதாரு. நல்ல மனுசன்."

என்ன பார்க்க ஆசை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். டார்ஜிலிங் மிருகக்காட்சிசாலையில் அதே பாண்டா இருக்கிறதே, ஜீப்பிலேயே போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமே என்று யோசனை சொன்னேன்.

"கூண்டுல இருக்கத நாம பாக்கலாம். அதுக்கு வேற வழியில்ல, இருந்துதான ஆவணும். அதுவா வந்து நிக்கணும் வே. அப்பத்தான் பாத்த கணக்கு."

அவர் மகள் தேனு தனியாக அனுப்ப மாட்டேன் என்றாள். கல்கத்தாவில் வளர்ந்த பிள்ளை. அவளுக்கு வங்காளம் அருவி மாதிரி வரும், தமிழ் குழாய்த் தண்ணீர் மாதிரி நின்று நின்று வரும். "காகு, நீங்க கூட போனா ஓகே. ஆனா அப்பாவ ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது. நீங்கதான் அப்பாவோட சோக்."

வங்காளத்தில் காகு என்றால் சித்தப்பா, சோக் என்றால் கண். இந்த உத்தியோகத்தை நான் மிகுந்த பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

ஒரு மாதம் என்னைத் தயார் செய்துகொண்டேன். பூங்காவைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து ஒரு நோட்டில் குறித்தேன். பைனாகுலர் வாங்கினேன். வீட்டு மொட்டை மாடியில் ஷூவோடு நடந்து பழகினேன். கீழ்வீட்டு பௌதி, அந்த வீட்டு அண்ணி, மேலே வந்து, தலைக்கு மேல் இத்தனை காலடிச் சத்தம் கேட்கிறதே, யாராவது செத்துப்போனார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

என் மனைவி மரகதம் ஒரு தகர டப்பா நிறையக் கைமுறுக்கு சுற்றிக் கொடுத்தாள். "மலையில என்ன கிடைக்குமோ, என்னமோ. உங்களுக்குச் சர்க்கரை வேற. வெறும் வயித்தோட நடக்காதீங்க." கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொல்லி டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அவர் சொன்னவற்றில் நான் தவறாமல் கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான்.

மாட்டை இறக்கி, மனுஷனை ஏற்றி

மானேபஞ்சாங் என்ற சின்ன ஊரில்தான் பூங்காவுக்கான பாதை தொடங்குகிறது. வழிகாட்டி இல்லாமல் மேலே போக விடமாட்டார்கள். அந்த வழிகாட்டியையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முறை வைத்து அனுப்புகிறார்கள். யார் முறையோ அவர் வருவார்.

எங்கள் முறைக்குக் கமலா வந்தார். ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு துணிப்பை, கையில் குடை. எனக்கு ஏமாற்றம். கயிறும் கோடரியுமாக ஒரு மலையேற்ற வீரரை எதிர்பார்த்திருந்தேன்.

ஜீப் கற்களின் மேல் துள்ளித் துள்ளி ஏறியது. அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் விட்டுவிட்டுப் போன லேண்ட்ரோவர்கள்தான் வெகுகாலம் இந்தப் பாதையில் ஓடினவாம். எங்களுடையது அதற்குத் தம்பி. பாதை எல்லையின் மேலேயே போகிறது. ஒரு வளைவில் இந்தியா, அடுத்த வளைவில் நேபாளம். நேபாள நேரம் நம்முடையதைவிடக் கால் மணி முன்னால் என்பதால், என் கைப்பேசி கால் மணி நேரம் முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. சர்க்கரை மாத்திரையை எந்த நாட்டு நேரப்படி போடுவது என்று நான் குழம்பினேன்.

குலுங்கிக்கொண்டே என் நோட்டைத் திறந்து கமலாவுக்குப் பாடம் நடத்தினேன். இந்தி, வங்காளம் இரண்டிலும் வெளுத்துக் கட்டினேன். பாண்டாவுக்கு மூங்கில் இலைதான் உணவு என்றேன். சித்திரையை ஒட்டி இந்த மலை முழுக்க ரோடோடெண்ட்ரான் சிவப்பாகப் பூக்கும் என்றேன். முன்பு இந்தக் காட்டில் மரம் வெட்டினார்கள், கரி சுட்டார்கள், மாடு மேய்த்தார்கள், பிறகு சர்க்கார் தேசியப் பூங்காவாக அறிவித்துக் காப்பாற்றியது என்று முடித்தேன்.

"அந்த மாடு எங்க மாடுதான் தாதா" என்றார் கமலா. தாதா என்றால் அங்கே அண்ணன்.

அவர் அப்பாவுக்கு மேலே ஒரு மாட்டுக்கொட்டில் இருந்ததாம். யாக் கலப்பு மாடுகள். பாலை உறைய வைத்துக் கல் மாதிரி காயவைத்த கட்டி செய்து விற்றார்கள். கமலா பிறந்ததே அந்தக் கொட்டிலில்தான். பூங்கா வந்ததும் கொட்டில்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அதற்கப்புறம் அவர் மேலே ஏறவே இல்லை.

"மாடு நடந்தா காடு கெட்டுப்போகும்னு சொன்னாங்க. சரிதான், கெடத்தான் செஞ்சது. இப்ப மூங்கில் நல்லா வந்திருக்கு, ஹாப்ரே வருது." ஹாப்ரே என்பது பாண்டாவுக்கு அவர்கள் வைத்த பெயர். "எங்க மாட்டை இறக்கிட்டு உங்களை ஏத்திவிட்டாங்க. உங்களைப் பாத்துக்கறது கொஞ்சம் கஷ்டம் தாதா. மாடுன்னா சத்தம் போடாது."

சண்முகம் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் நோட்டை மூடிவைத்தேன்.

மறுநாள் விடியலில், நாங்கள் தங்கிய தும்லிங்கில், கஞ்சன்ஜங்கா மொத்தமும் தெரிந்தது. படுத்திருக்கும் புத்தர் என்று வங்காளிகள் சொல்வார்கள். எனக்கு ஒரே பார்வையில் முடிந்துவிட்டது, போட்டோ எடுத்துக்கொண்டு டீக்குப் போய்விட்டேன். சண்முகம் தலையை இடமிருந்து வலமாக மெல்ல மெல்லத் திருப்பி, புத்தரின் நெற்றியிலிருந்து பாதம் வரை துண்டு துண்டாகப் பார்த்தார். முடித்ததும் மறுபடி நெற்றிக்குப் போனார். அவர் டீ ஆறிப்போயிருந்தது. என்னுடையதை நான் எப்போதோ குடித்துவிட்டேன்.

அரை நிமிஷம்

இப்போது அந்த மரத்தடிக்கு வந்துவிடுகிறேன். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

சண்முகம் எப்படித் தேடுவார் என்று சொல்லவேண்டும். நாம் ஒரு மரத்தைப் பார்த்தால் மரம் தெரியும். அவர் குழாய்க்குள் பட்டையின் ஒரு துண்டுதான் தெரியும். அடிமரத்திலிருந்து தொடங்கினார். பாசி, பாசிக்கு மேல் பாசி, முதல் கிளை. தவறிவிட்டால் திரும்பவும் அடிமரம். கமலா அவர் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்து, ரேடியோ குமிழைத் திருகுவது போல மிக மெல்லத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். சண்முகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே படபடப்பு. படபடப்பு வந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. சத்தியமாகச் சொல்கிறேன், கை தானாகப் பைக்குள் போயிற்று, தானாக ஒரு முறுக்கை எடுத்தது, தானாக வாயில் வைத்தது.

மரகதத்தின் கைமுறுக்கைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். அது நன்றாக வெந்து, மொரமொரவென்று, கடித்தால் அடுத்த அறையில் இருப்பவர் "எனக்கு?" என்று கேட்கும் ஜாதி. அந்தக் காட்டில் இலையில் தண்ணீர் சொட்டுவதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

கடித்தேன்.

மரத்தில் ஒரு வெள்ளை முகம் நிமிர்ந்தது. கூர்மையான காது இரண்டும் விறைத்தன. கறுப்புக் கண் இரண்டும் நேராக என்னைப் பார்த்தன. பிறகு வளைய வளையமாகக் கோடு போட்ட தடித்த வால், மரத்தின் மறுபக்கம் வழுக்கி, மூங்கிலுக்குள் போய்விட்டது. எல்லாவற்றையும் நான் தெளிவாகப் பார்த்தேன். முறுக்கு பாதி வாயில், பாதி கையில்.

சண்முகத்தின் முகம் வெறும் கவட்டைக்கு நேராக வந்து நின்றது.

"போயிட்டா?" என்றார்.

கமலா அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். என் மஃப்ளரில் கிடந்த தூளையும் பார்த்தார்.

"போயிட்டு வே" என்றேன். "ஏதோ கிளை ஒடிஞ்சுது. காஞ்ச கிளை."

"கிளையா?"

"ஆமா. அந்தப் பக்கம்."

"சரி" என்றார் சண்முகம். சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தக் கவட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல், அது ஊறி ஊறிக் கூழாகும்வரை வைத்திருந்து விழுங்கினேன்.

நான் வாழ்க்கையில் சின்னதும் பெரிதுமாக நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் வேலையில் அது சம்பளத்தோடு சேர்ந்தது. ஆனால் பார்வை போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிதரிடம், அவருக்குத் தெரியாத பக்கத்தைக் காட்டி, அங்கே கிளை ஒடிந்தது என்று சொன்னதைப் போல ஒரு கேவலத்தை நான் செய்ததில்லை. அன்றைக்கு நான் டப்பாவைத் தொடவில்லை. மரகதத்தின் முறுக்கு எனக்கு வேண்டாததாகிப் போனது அதுவே முதல்முறை.

வயிற்றுவலி

இன்னும் ஒரு காலைதான் மிச்சம். மறுநாள் எழுந்ததும் எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். நான் இல்லாவிட்டால்தான் அவருக்கு ஏதாவது தெரியும் என்று தோன்றிவிட்டது. தேனுவுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் இதைச் செய்தேன்.

"நெசமாத்தான் வலிக்காவே?" என்று கேட்டார் சண்முகம்.

"நெசமாத்தான். நீரு கமலா கூடப் போய்ட்டு வாரும்."

அவர் கமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நான் விடுதியின் அடுப்படியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். திருச்செந்தூர் முருகனுக்கும் காளிகாட் காளிக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன். எல்லைக்கு எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாததால் பசுபதிநாதரையும் சேர்த்துக்கொண்டேன்.

மத்தியானம் ஜீப் வந்து நின்றது. இறங்கும்போதே சத்தம்.

"பாத்தேம்வே!"

நான் ஓடினேன்.

"அப்படியே கீழ எறங்கி வருது. மூஞ்சி வெள்ள வெளேர்னு. வாலு இருக்கே, இந்தத் தண்டி! என்னயப் பாத்துட்டு ஒரு நிமிசம் நின்னுச்சு. அதுவா வந்து நின்னுச்சுவே."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே பசித்தது. டப்பாவைத் திறந்து இரண்டு பேரும் தின்று தீர்த்தோம். கமலாவுக்கும் நீட்டினேன். அவர் ஒன்றை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜீப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நோட்டு

மறுநாள் மானேபஞ்சாங்கில் வழிகாட்டிகளின் அறையில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. சண்முகம் வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் இன்னொரு நோட்டு கிடந்தது. மேலே போய் வருகிறவர்கள் பார்த்த மிருகங்களை எழுதும் நோட்டு. எந்த இடம், யார் பார்த்தது, எவ்வளவு நேரம், ஏன் விலகிப்போனது என்று கோடு போட்டிருந்தார்கள்.

நான் உற்சாகமாகப் பேனாவை எடுத்து, சண்முகத்தின் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். கமலா நோட்டின் மேல் கையை வைத்தார்.

"அதை எழுதாதீங்க தாதா. இதுல வந்ததை மட்டும்தான் எழுதுவோம்."

"வந்ததே?"

"வரலை. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மழை மாதிரி பனி. எதுவும் வரலை."

எனக்குப் புரியவில்லை. "அவர் சொன்னாரே?"

"எழுந்திருக்கும்போது, 'வந்ததுன்னு சொல்லிடப்போறேன், நீ மறுத்துப் பேசாதே'ன்னார். ஏன்னு கேட்டேன். 'நேத்துலேர்ந்து அவர் அந்த டப்பாவைத் திறக்கிற சத்தமே கேக்கலை, மனுஷன் பட்டினியா கிடக்கார்'னார்." கமலா வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கிளை எப்படி ஒடியும், முறுக்கு எப்படி ஒடியும்னு அவருக்குத் தெரியுமாம்."

நான் பேனாவை மூடப்போனேன்.

"அன்னைக்கு வந்ததே, அதை எழுதணும்" என்றார் கமலா. "அது நிஜமா வந்தது. பார்த்தது நீங்கதான். எழுதுங்க."

எழுதினேன். யார் பார்த்தது என்ற இடத்தில் என் பெயர். எவ்வளவு நேரம் என்பதில், மிகச் சில நொடிகள். ஏன் விலகிப்போனது என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இங்கிலீஷ் எழுத்தில் 'முறுக்கு' என்று எழுதினேன். இனி அந்த நோட்டைப் புரட்டுகிற விலங்கியல் மாணவர் யாராவது, முறுக்கு என்பது என்ன வகை வேட்டை மிருகம் என்று தேடட்டும்.

பகல் ரயில்

நியூ ஜல்பாய்குரியில் மத்தியானம் கிளம்பும் ரயிலில் ஏறினோம். எதிர் சீட்டில் கல்கத்தா திரும்பும் ஒரு வங்காளிக் குடும்பம். கணவன், மனைவி, தூங்கி வழியும் ஒரு சின்னப் பெண். பத்து நிமிஷத்தில் சண்முகம் ஆரம்பித்துவிட்டார். பனி, மூங்கில், மெல்லக் கீழே இறங்கிய மிருகம், வெள்ளை முகம், வளையம் போட்ட வால். சின்னப் பெண்ணுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கதை சொல்ல யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு தப்புகூட இல்லை. வால் அப்படித்தான் இருந்தது. முகம் அப்படித்தான் நிமிர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் நான் நடுவில் புகுந்து, 'காதைச் சொல்ல விட்டுவிட்டீரே' என்று எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்குத் தெரிந்த ஒன்றைப் பேசாமல் அடக்கிக்கொண்டு நான் உட்கார்ந்த ரயில் பயணம் அது ஒன்றுதான்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பார்த்தீர்களா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

சண்முகம் முந்திக்கொண்டார். "அவருக்கு அன்னிக்கு வயித்துவலி. பாவம், ரூம்லயே இருந்துட்டார்."

மூவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன். "நான் பார்க்கவில்லை."

சண்முகத்தின் கை என் முழங்காலைத் தேடியது. முதலில் சீட்டின் கைப்பிடியைத் தொட்டது, பிறகு என் பையை, பிறகு முழங்காலைக் கண்டுபிடித்து அழுத்தியது.

"வருத்தப்படாதியும் வே" என்று தமிழில் சொன்னார். "அடுத்த மட்டம் உமக்குக் காட்டுதேன்."